மேல் வீடு, கீழ்க் கடை

786
மயிலாப்பூர்
12 ஜனவரி 1931

பிளான் போடும் வேம்பு ஐயருக்கு, காலமான ஷரீஃப் சாயபுவின் மனைவி அமீனா பீ எழுதுவது.

பெண்பிள்ளை எழுத்தில் கடிதம் வருகிறதே என்று திகைக்க வேண்டாம். அவர் போய் இன்றோடு பதினாறு நாள். நான் இத்தாவில் இருக்கிறேன். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக்கூடாது. கடிதம் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சாந்தோம் பள்ளியில் ஆரோக்கியமேரி டீச்சர் என் காதைத் திருகி ஐந்தாவது வரை படிக்கவைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

புது மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளை அவர் நிக்காஹ்வில் எனக்குத் தர ஒப்புக்கொண்ட மஹருக்கு ஈடாக என் பெயரில்தான் வாங்கினார். தெருவுக்கு ஒரு பக்கம் எட்டுக் கடை, மறுபக்கம் நாலு வீடு என்று நீங்களும் அவரும் உட்கார்ந்து வரைந்ததைக் கதவுக்குப் பின்னாலிருந்து நானும் கேட்டேன். மாம்பலத்துக்காரர்கள் ஒரு கெஜம் நாடாவுக்கு மயிலாப்பூர் வரை வரவேண்டியதில்லை, இங்கேயே ஒரு கடைத்தெரு வரும் என்று ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைகளில் ஒன்றை நான் நடத்தப் போகிறேன். நாடா, பொத்தான், சரிகை, ஊசி, நூல். அவர் கடையில் உட்கார்ந்தார், ஆனால் சரக்கைப் பார்த்து வாங்கச் சொன்னதும் தரம் பிரித்ததும் நான்தான். இப்போது எட்டு டிரங்குப் பெட்டி சரக்கு என் கட்டிலைச் சுற்றி நிற்கிறது. அதற்குள் கையை விட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

என் கொழுந்தன் குலாம் முகம்மதுவுக்கு இது பிடிக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் முன்னால் சொல்லிவிட்டார்: "தெருத் தெருவா அலையாம, வூட்டுப் படி எறங்கினா கடைன்னு இருந்தா நடத்துங்க அண்ணி, நான் குறுக்க நிக்கல. இல்லாங்காட்டி கடைய என்கிட்ட உட்ருங்க." நானும் சரி என்றேன்.

ஆகையால் பிளானில் எனக்கு ஒரே ஒரு மாற்றம் வேண்டும். மேல் வீடு எனக்கு. அதற்கு நேர் கீழ்க் கடை எனக்கு. படி இறங்கினால் கடை. இவ்வளவுதான் நான் கேட்பது.

அமீனா பீ

*

உ
மந்தைவெளி
16 ஜனவரி 1931

மதிப்புக்குரிய அமீனா பீ அம்மாள் அவர்களுக்கு, வேம்பு அநேக நமஸ்காரம்.

சாயபுவின் மறைவு எனக்குச் சொந்த அண்ணன் போனது மாதிரி இருக்கிறது. நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பட்டணம் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டு எல்லாரும் சிரித்தபோது அவர் ஒருவர்தான் பிளானை மட்டும் பார்த்தார். சொந்தமாக நான் ஏற்றுக்கொண்ட முதல் வேலையும் இதுதான். இதில் பிசகினால் மறுபடி யாரோ ஒருவர் ஆபீஸில் கோடு இழுக்கப் போகவேண்டியதுதான்.

தங்கள் கடிதம் தெள்ளத் தெளிவு. வீடு கட்டுகிறவர்கள் பத்துப் பக்கம் பேசுவார்கள், ஒன்றும் புரியாது. தாங்கள் இரண்டே வரியில் சொல்லிவிட்டீர்கள். மேல வரிசையில் இரண்டாவது வீடு, அதற்கு நேர் கீழ வரிசையில் மூன்றாவது கடை, இரண்டும் தங்களுக்கு என்று குறித்துவிட்டேன். பிளானில் ஒரு கோடுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. படி இறங்கினால் கடை என்பது அருமையான யோசனை. தங்கள் வீட்டுக்கு ஏழு படி வைக்கிறேன்.

ஒரே ஒரு குறை. மனை குறுகல் என்பதால் வீட்டுக்குள் முற்றம் வைக்க இடம் இல்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேம்பு

*

786
மயிலாப்பூர்
3 பிப்ரவரி 1931

வேம்பு ஐயருக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு சண்டை போடக்கூடாது. அதனால் மெதுவாகவே கேட்கிறேன்.

முற்றம் இல்லாத வீட்டில் மனுஷி எப்படி இருப்பது? வாசல் தாண்டாதவளுக்கு வானம் தெரிவதே முற்றத்தில்தானே. இந்த வாடகை வீட்டு முற்றம் நாலடிக்கு நாலடிதான். அதில் நின்றுதான் நான் பிறை பார்க்கிறேன். இந்த நாலு மாதமும் அதுதான் எனக்குக் கடற்கரை. ஆனாலும் மேல் வீட்டில் முற்றம் வராது என்பது எனக்கும் புரிகிறது. மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

தேற்றிக்கொள்ள முடியாதது அந்த ஏழு படி. ஏழு படியில் மாம்பலத்தில் யார் இறங்க முடியும்? எங்கள் வீட்டு மச்சுக்கே பத்தொன்பது படி. ஏழு என்றால் ஒவ்வொரு படியும் என் இடுப்பு உயரம் இருக்கும். எனக்கு நாற்பத்தோரு வயது ஐயரே, நான் கழைக்கூத்தாடி இல்லை.

அமீனா பீ

*

உ
மந்தைவெளி
9 பிப்ரவரி 1931

அமீனா பீ அம்மாள் அவர்களுக்கு,

ஏழு படி தாராளமாகப் போதும். அரையடிக்கும் கொஞ்சம் கூடுதலான உயரம், குழந்தைகூட இறங்கலாம். இடுப்பு உயரம் என்று ஏன் நினைத்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஏரித் தரை ஆனதால் ஐப்பசி மழையில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அதற்காக வீட்டின் தளத்தை நாலடி உயர்த்துகிறேன். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

வெயில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். காலை வெயில் நேரே தங்கள் வீட்டு வாசலில் விழும், உடம்புக்கு நல்லது. மாலை வெயில் கடைக்குள் விழும். நாடா வெளுத்துப் போகாமல் ஒரு தட்டி கட்டிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் போய்வர ஒரு நல்ல குடையும் வேண்டும்.

அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தாயிற்று. முருகையன் மேஸ்திரி நல்ல கை.

வேம்பு

*

786
மயிலாப்பூர்
20 மார்ச் 1931

வேம்பு ஐயருக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். பெருநாள் பிரியாணிகூட ருசிக்கவில்லை.

காலை வெயில் வீட்டு வாசலில், மாலை வெயில் கடை வாசலில் என்கிறீர்கள். ஒரே கட்டடத்தில் இது எப்படி நடக்கும்? கடைக்கு முன்வாசல், வீட்டுக்குப் பின்வாசலா? அப்படியானால் என் படி எந்த வாசலில் இறங்குகிறது? வீட்டிலிருந்து கடைக்கு வர எதற்குக் குடை? கூரை போடாமல் விட்டுவிடப் போகிறீர்களா? வீட்டை நாலடிதான் உயர்த்துகிறீர்கள், கீழ்க் கடையில் நிற்பவர்கள் தலை இடிக்காதா? நான் ஒரு கேள்வி கேட்டால் நீங்கள் நாலு புதுக் கேள்வி அனுப்புகிறீர்கள்.

நேரில் வந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான்தான் வரக்கூடாதே. கொழுந்தனைப் போய்ப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.

அமீனா பீ

*

உ
மந்தைவெளி
24 மார்ச் 1931

அமீனா பீ அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கும் தலை சுற்றுகிறது. பிளான் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, கடிதத்தைப் பார்த்தால் எல்லாம் தப்பாக இருக்கிறது. காகிதத்தில் கட்டடம் பேசினால் இப்படித்தான் ஆகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குலாம் முகம்மது சாயபு நேற்று மாம்பலம் வந்தார். பிளானை இரண்டு தடவை பார்த்தார். நின்றபடியே வீட்டையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணி கேட்டது இதுதானா?" என்றார். "அக்ஷரத்துக்கு அக்ஷரம் இதுதான்" என்றேன். "அப்போ சரி, நல்லாத்தான் வந்துகினு கீது" என்று சிரித்துக்கொண்டே போனார். சுவர் ஆளுயரம் வந்தாயிற்று. இனி தாங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

வேம்பு

*

786
மயிலாப்பூர்
11 மே 1931

வேம்பு,

ஐயர் என்று போடக் கை வரவில்லை.

இத்தா முடிந்து ஐந்தாம் நாள், நேற்று, தங்கை ஜஹீதாவைக் கூட்டிக்கொண்டு திரை கட்டிய ஜட்காவில் மாம்பலம் வந்தேன். நீங்கள் அங்கே இல்லை. இல்லாததே நல்லது. முருகையன் மேஸ்திரி ஓடி வந்து, "வாம்மா, இதான் உன் வூடு" என்று ஏழு படியைக் காட்டினார். அழகான படி, பொய் சொல்ல மாட்டேன். "கடை எங்கே?" என்றேன். "அதோ, எதிர்ல கீது பாரு" என்றார்.

எதிரில். தெருவுக்கு அந்தப் பக்கம்! நாற்பதடி அகலத் தெரு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாட்டு வண்டி, இரண்டு சைக்கிள், தயிர்க்காரி, குடை பிடித்த ஒரு வக்கீல், எல்லாரும் என் வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவில் போனார்கள்.

கடையின் தலைக்கு மேல் வீடு கேட்டேன். உள்ளேயே படி இறங்கி, யார் கண்ணிலும் படாமல் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற பெண்களுக்கு நாடா அளந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். இந்த ஊரில் குஞ்சு குளுவானுக்குக்கூட மேல் வீடு என்றால் மாடி என்று தெரியும். பிளான் போடுகிற உங்களுக்குத் தெரியாதா?

கொழுந்தனிடம் கேட்டேன். "நீங்க கேட்டத்தான கட்டிக்கிறாங்க? அப்புறம் இன்னா? தெருவு தாண்டி நீங்க கடைக்குப் போவ முடியுமா? நான் பாத்துக்கறேன் உடுங்க" என்றார். மார்ச் மாதமே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். சைதாப்பேட்டை அரிசி மண்டிக்காரர் ஒருவருக்கு என் கடையை ஐப்பசி முதல் தேதி கொடுப்பதாகப் பேசியும் வைத்துவிட்டார்.

உங்களை ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததா இது?

அமீனா பீ

*

உ
மந்தைவெளி
13 மே 1931

அம்மாள் அவர்களுக்கு,

பகவான் சாட்சியாக நான் யாரோடும் சேரவில்லை. தங்கள் கடிதம் கிடைத்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி நீரஜா என்னவென்று கேட்டாள். அவள் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தங்கள் முதல் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கா? மாடி வீடு வேணும், அதுக்கு அடியில கடை வேணும்னு. இதுல என்ன குழப்பம்?" என்றாள்.

"மேல் வீடு என்றால் மேற்கே இருக்கிற வீடு இல்லையோ?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அம்மா, எங்கள் ஊரில் மேற்கே மலை. கிழக்கே ஆறு இறங்கிப் போகிறது. அதனால் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேலத்தெரு, கீழத்தெரு. பக்கத்து வீட்டு மாமிகள்கூட மேலாத்து மாமி, கீழாத்து மாமிதான். எங்கள் ஊரில் மாடி வீடே இரண்டு. அதையும் மெத்தை வீடு என்போம். 'மேல் வீட்டுக்கு நேர் கீழ்க் கடை' என்று தாங்கள் எழுதியதும், மேற்கு வரிசை வீடு, அதற்கு நேர் எதிரே கிழக்கு வரிசைக் கடை என்று என் மனம் தானாகவே படித்துவிட்டது. 'படி இறங்கினால் கடை' என்றதும் வாசல்படி என்று எடுத்துக்கொண்டேன். தங்கள் ஒவ்வொரு சொல்லும் என் தப்புக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாற்றிக் கட்டலாமா என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன். கடைகளின் அஸ்திவாரம் ஒற்றைத் தளத்துக்கு மட்டும் போட்டது. ஏரி மண்ணில் அதன் மேல் மாடி ஏற்றினால் ஒரே மழையில் உட்கார்ந்துவிடும். மேற்கு வரிசையில் கடை வைக்க அனுமதி இல்லை, அது குடியிருப்புக்கு என்று ஒதுக்கியது. என் புத்திக்கு வழி தெரியவில்லை. தாங்கள் எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி.

வேம்பு

*

786
மயிலாப்பூர்
22 மே 1931

வேம்பு ஐயருக்கு,

மறுபடி ஐயர் போட்டுவிட்டேன், கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் பல்லைக் கடித்தேன். அப்புறம் எனக்கும் நீரஜா அம்மாள் மாதிரி சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனதற்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று ஜஹீதா பயந்துபோய் துஆ ஓதி என் முகத்தில் ஊதினாள்.

ஆனால் சிரித்து என்ன ஆகும்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. பெரியவர்கள் முன்னால் நானே ஒத்துக்கொண்ட வார்த்தை, மீற மாட்டேன். ஐப்பசி வந்தால் என் கடையில் அரிசி மூட்டை ஏறிவிடும். எட்டுப் பெட்டியையும் விற்றுவிட்டு மூலையில் உட்காரவேண்டியதுதான். நான் மூலையில் உட்காரப் பயப்படவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேனோ என்றுதான் பயப்படுகிறேன்.

நீங்கள் கட்டிய குழப்பம். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

அமீனா பீ

*

உ
மந்தைவெளி
5 அக்டோபர் 1931

அம்மாள் அவர்களுக்கு,

நாலு மாதமாக எழுத முகம் இல்லாமல் இருந்தேன். சும்மா இருக்கவில்லை.

முதலில் தங்கள் வீட்டிலிருந்து கடைக் கூரைக்குத் தெருவின் மேலே ஒரு பாலம் வரைந்தேன். மூங்கில் தட்டி அடைத்த பாலம், உள்ளே நடப்பவர் வெளியே தெரியமாட்டார். நகரசபை ஆபீஸில் காட்டினேன். அங்கே இருந்தவர் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். தெரு பொதுச் சொத்தாம், அதன் ஆகாயமும் பொதுவாம்.

அப்புறம் தெருவுக்கு அடியில் ஒரு சுரங்கம் வரைந்தேன். முருகையன் பார்த்துவிட்டு, "சாமி, இது ஏரி. பள்ளம் தோண்டினா கெளுத்திதான் வரும், அம்மா வரமாட்டாங்க" என்றார்.

பிறகு துணிப் பந்தல், சக்கரம் வைத்த திரை, மூடுபல்லக்கு. எல்லாவற்றையும் வரைந்தேன், எல்லாவற்றையும் கிழித்தேன். மாம்பலத்துக்கு மின்சார ரயில்கூட வந்துவிட்டது. தங்களை நாற்பதடி தூரம் கொண்டுபோக எனக்கு ஒரு வழி கிடைக்கவில்லை. வீடும் கடையும் முடிந்துவிட்டன. சாவிகளை முருகையன் கொண்டுவந்து தருவார். மேல் எது, கீழ் எது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை.

ஐப்பசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

வேம்பு

*

786
புது மாம்பலம்
18 அக்டோபர் 1931

வேம்பு ஐயருக்கு,

விலாசத்தைப் பார்த்தீர்களா? முந்தாநாள் குடி வந்துவிட்டேன். எட்டுப் பெட்டியும் வந்தன. நேற்று ஐப்பசி முதல் தேதி.

காலையில் வாசல் கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன வெயில், சொன்ன இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. எதிரில் கடை வாசலில் கொழுந்தன் நிற்கிறார், பக்கத்தில் மண்டிக்காரர். இரண்டு வண்டி மூட்டை தெருவில் காத்திருக்கிறது. அன்றைக்குச் சாட்சியாக இருந்த பெரியவர்களில் ஒருவரான குலாம் ரசூல் மாமாவையும் கூட்டி வந்திருந்தார், நான் பிறகு பேச்சு மாறக்கூடாது என்பதற்காக.

கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பயந்தேன் ஐயரே. புர்காவுக்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. போகலாமா கூடாதா, அவர் இருந்தால் என்ன சொல்வார், ஒன்றும் புரியவில்லை. நான் ஒத்துக்கொண்ட வார்த்தையை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். தெருத் தெருவாக அலையாமல், வீட்டுப் படி இறங்கினால் கடை. மறுபடி சொல்லிப் பார்த்தேன். உங்கள் ஊர்க்காரர் மாதிரி சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏழு படியையும் இறங்கினேன். நடந்தேன். இருபத்தேழு எட்டு. வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்தான். தயிர்க்காரி, "பாத்து வாம்மா" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

கொழுந்தன் முகம் வெளிறிவிட்டது. "இன்னா அண்ணி இது, தெருவுல எறங்கிட்டீங்க? சொன்ன சொல்லு இன்னா ஆச்சு?" என்றார்.

"படி எறங்கினா கடைன்னு நீங்கதான சொன்னீங்க? எறங்கினேன். கடை வந்துடுச்சு. தெருத் தெருவா நான் எங்க அலைஞ்சேன்? இந்தாண்ட மனை என்னுது, அந்தாண்ட மனையும் என்னுது. நடுவுல கீறது தெரு இல்ல தம்பி, என் வூட்டு முற்றம்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா மேற்கே வீட்டைப் பார்த்தார், கிழக்கே கடையைப் பார்த்தார், படியை எண்ணினார். தாடியைத் தடவிக்கொண்டு, "அந்தப் புள்ள சொல்றதும் சரிதானே" என்றார். கொழுந்தனுக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. அரிசி வண்டிகள் பக்கத்துக் கடைக்குப் போயின, அது காலியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்து தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அழுதேன். அவரை நினைத்துக் கொஞ்சம், என்னை நினைத்துக் கொஞ்சம். அதற்குள் தயிர்க்காரி வந்து அரை கெஜம் சிவப்பு நாடா கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அளந்தேன்.

முற்றம் வைக்கவில்லை என்று உங்கள் மேல் எனக்கு ஒரு குறை இருந்தது. இப்போது இல்லை. நாற்பதடி அகலம், முழு வானமும் தெரிகிறது. அடிக்கடி மாட்டு வண்டி போகிறது, அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மற்றக் கடைகளுக்கு ஆள் வருகிறார்கள், பிளான் போட்டது யார் என்று கேட்கிறார்கள். உங்கள் பெயரைத்தான் சொல்கிறேன். நீரஜா அம்மாளை நாடா வாங்க அனுப்புங்கள். கிழக்கு வரிசை, மூன்றாவது கடை. கிழக்கு என்றே எழுதியிருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமீனா பீ